எலி இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்

செயலாளர் முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வந்து நிற்கும் கப்பல்களில் எலி இல்லை என்று சான்றிதழ் கொடுப்பதுதான் வேலை. கப்பலில் ஏறுவார், கேப்டன் அறையில் உட்காருவார், கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, எலி இருக்கிறதா என்று கேட்பார். எந்த கேப்டனாவது இருக்கிறது என்பானா? இல்லை என்பான். இவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திவிட்டு இறங்கி வந்துவிடுவார். சரக்குத் தளத்துக்குப் போகும் ஏணியை ஒரு நாளும் தொட்டதில்லை. முழங்கால் வலி என்று காரணம் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறு வயதிலேயே அந்த வலி வந்துவிட்டது. அவர் கையெழுத்தின் தயவில் எத்தனையோ எலிகள் செலவில்லாமல் உலகம் சுற்றியிருக்கின்றன.

ஓய்வு பெற்ற பிறகாவது மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். துறைமுகத்துக்குப் பின் தெருவில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதில் முதல் மாடியில் அவர் வீடு. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் யார் என்ற பேச்சு வந்தபோது மற்றவர்கள் எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒருவர்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்படிக் கிடைத்த பதவியை ஏழு வருடமாகக் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறார். வாசல் பலகையில் பெயரைவிடப் பதவியின் எழுத்துதான் பெரிது.

இந்த வருட மழைக்கு அப்புறம் அவர் மனைவிக்கு எலி தட்டுப்பட ஆரம்பித்தது. முதலில் குளியலறைச் சோப்பின் ஓரத்தில் பல் தடம். நான் தேய்த்ததில் கரைந்தது என்றார் செயலாளர். அடுத்து உருளைக்கிழங்கில் பள்ளம். கடைக்காரன் சொத்தையை நம் தலையில் கட்டிவிட்டான் என்றார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்த புழுக்கைகளை அவள் ஒரு காகிதத்தில் அள்ளிக்கொண்டு வந்து மூக்குக்கு நேராக நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, கருஞ்சீரகம் என்றார். இந்த வீட்டில் கருஞ்சீரகம் வாங்கி எத்தனை வருடம் ஆகிறது என்று அவள் கேட்டாள். செய்தித்தாள்தான் குறுக்கே வந்தது.

கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அடுப்பு மேடையில் நேருக்கு நேர். அவளும் எலியும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். எலிதான் முதலில் கிளம்பியது, அதுவும் அவசரமில்லாமல். அவள் போட்ட கூச்சலில் எழுந்து வந்த செயலாளர் காலி மேடையைப் பார்த்துவிட்டு, உனக்குக் கண்ணில் கோளாறு என்று முடிவு கட்டினார். முடிவு கட்டியதோடு நின்றாரா? மறுநாள் காலையில் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டே போய்விட்டார். மருத்துவர் சுவரில் மாட்டியிருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார். அவள் கடைசி வரிவரை கடகடவென்று படித்து, அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்தே படித்தாள். அம்மாவின் கண்ணுக்கு எலியின் மீசைகூடத் தெரியும் என்றார் மருத்துவர். இந்தக் காலத்து டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார் செயலாளர்.

அவருக்கு எலி தெரியாமல் இல்லை. சுவருக்குள் ஓடுகிற சத்தம் அவர் காதிலும்தான் விழுந்தது. ஆனால் செயலாளர் வீட்டில் எலி என்று ஒரு பேச்சு வெளியே போனால் மானம் என்ன ஆவது? அதிலும் இரண்டாம் மாடிப் பொருளாளர், எப்போது இவர் வழுக்குவார், எப்போது அந்த நாற்காலியில் தான் உட்காரலாம் என்று ஏழு வருடமாகக் காத்துக்கொண்டிருப்பவர். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். எலி வருகிற வீடு அழுக்கு வீடு என்று எல்லாரும் எல்லாரையும் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. யாரோ ஒருவர் மட்டும் பெயர் போடாமல் புகார்ப் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டுப் போட்டிருந்தார். 'எலி' என்ற ஒரே சொல்தான் அதில் இருந்தது.

சீட்டைப் பார்த்ததும் செயலாளருக்குத் துறைமுகத்து நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அன்று மாலையே ஒரு படிவம் அடித்தார். 'எங்கள் வீட்டில் எலி இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வரி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. இருபத்து நான்கு பிரதி எடுத்தார். ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? சாப்பாட்டு மேஜையிலேயே, மனைவி பார்த்துக்கொண்டிருக்க, தன் வீட்டுப் படிவத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். தேதி போடவும் மறக்கவில்லை.

அவள் மேஜையை ஒழித்தாள். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். இரண்டு பைகளில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, நான்கு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாளில் கோபம் ஆறித் திரும்பிவிடுவாள் என்று இவரும் மிதப்பாக இருந்தார்.

படிவங்கள் மட்டும்தான் இரண்டு நாளில் திரும்பின. இருபத்து நான்கும் எலி இல்லை. பொருளாளர் தன்னுடையதை நீல மையில் அடிக்கோடு போட்டுக் கொடுத்திருந்தார்.

மனைவி போன ஒன்பதாம் நாள் மத்தியானம் செயலாளர் தனியாக உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். எதிர் அலமாரியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவரைப் பார்த்தது. மீசையைத் துடைத்துக்கொண்டது. பார், பார் என்று சொல்ல வாயெடுத்தவர் திரும்பிப் பார்த்தார். சொல்வதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? மீதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் இல்லாத வீடு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

வெட்கத்தை விட்டு அக்கா வீட்டுக்கு போன் போட்டார். எடுத்தது சகலை. சும்மாவே வாய் ஓயாத மனுஷன், இப்படி ஒரு சந்தர்ப்பத்தை விடுவாரா? சாப்பாடெல்லாம் எப்படி, துணி துவைக்கிறது யார், பேச்சுத் துணைக்காவது அங்கே ஏதாவது இருக்குமே என்று நிதானமாக விசாரித்துவிட்டுத்தான் போனைக் கொடுத்தார்.

"ஆள் வச்சு எல்லாத்தையும் அடைச்சிடறேன். வந்துடு" என்றார் செயலாளர்.



"எலிக்குப் பயந்தா நான் வந்தேன்? எலியோட நான் குடித்தனம் பண்ணிடுவேங்க. நான் கண்ணால பார்த்ததை இல்லைன்னு சொல்லி, கையெழுத்தும் போட்டீங்களே, அதோடதான் பண்ண முடியலை" என்றாள் அவள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் எலிக்காரர் வந்தார். வீடுகளுக்குள் எலி வராமல் அடைத்துக் கொடுப்பது அவர் தொழில். சட்டையில் எலிப்படம் போட்ட ஆள் அவர். அந்தச் சட்டை வேண்டாம், யாராவது கேட்டால் குழாய் ரிப்பேர் என்று சொல்லுங்கள் என்று செயலாளர் முன்கூட்டியே கெஞ்சியிருந்தார். வந்தவர் பேச்சுக் கொடுக்காமல் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். கதவடியில் நுழைத்தார், ஜன்னலோரம் நுழைத்தார். பென்சில் போகிற சந்தில் சுண்டெலி போகும், கட்டைவிரல் போகிற ஓட்டையில் பெரிய எலி போகும் என்றார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் அவர் முழுக் கையே உள்ளே போயிற்று.

அந்த ஓட்டைக்குப் பின்னால் குழாய்கள் இறங்கும் சந்து. கீழிருந்து மேல்வரை இருபத்து நான்கு வீட்டுக்கும் அது ஒன்றுதான். தரைத்தளத்தில் அதன் வாயில் இருந்த கம்பி வலையை எலிக்காரர் தொட்டார், தூளாக உதிர்ந்தது.

"கடல் காத்துக்கு இரும்பு ரெண்டு மழை தாங்குமா? யாரோ ஒரு புண்ணியவான் இரும்பு வலையைப் போட்டுட்டுப் போயிருக்கார்" என்றார்.

அந்தப் புண்ணியவான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். செயலாளரானதும் அவர் செய்த முதல் திருப்பணி அது. மேற்பார்வை பார்த்தேன் என்று பார்க்காமலே எழுதிக் கொடுத்திருந்தார்.

எலிக்காரர் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். சந்தின் வாயிலும் எல்லா வீட்டிலும் சேர்த்து அடைத்தால்தான் வேலை. உங்கள் ஒரு வீட்டை அடைத்தால் உங்களுக்கு விடுதலை, எலிக்கு இல்லை. அடுத்த வீட்டு ஓட்டையைப் பார்த்துப் போகும். சங்கத்தில் சொல்லி ஏற்பாடு பண்ணுங்கள் என்றார். 

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. குழாய்ச் சந்தைச் சுத்தம் செய்து எவர்சில்வர் வலை போடலாம், வீடு வீடாகவும் ஓட்டைகளை அடைக்கலாம் என்று செயலாளர் பட்டும் படாமலும் ஆரம்பித்தார். பொருளாளர் எழுந்தார். கையில் இருபத்து நான்கு படிவங்கள் இருந்தன. எலியே இல்லாத கட்டடத்தில் எலிக்காரருக்கு என்ன வேலை என்று சிரிக்காமல் கேட்டார். முதல் கையெழுத்தே நம் செயலாளருடையதுதான் என்று மேலே தூக்கியும் காட்டினார்.

செயலாளர் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் மாடி டீச்சரின் கைப்பையின் காது கடிபட்டிருந்தது. தையல்காரரின் விரலில், பொறி தட்டியதற்கான கட்டு. எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிடலாம்தான். பதவி பிழைத்துவிடும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த மத்தியானமும் தட்டில் மிஞ்சிய ரொட்டியும் நினைவுக்கு வந்தன.

"எங்க வீட்டுல எலி இருக்கு" என்றார். குரல் கிறீச்சென்று வந்தது. "என் பொண்டாட்டி பார்த்தா. மூணு மாசமா சொன்னா. நான்தான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்."

அடுத்தவரும் எழுந்து எங்கள் வீட்டிலும் என்பார், அதற்கடுத்தவரும் எழுவார் என்று அவர் எதிர்பார்த்திருந்தால் அது அவர் தப்பு. ஒரு நிமிடம் கட்டடமே பெருமூச்சு விட்டது. அப்புறம் இருபத்து மூன்று வீடும் ஒரே குரலில் பிடித்துக்கொண்டது. அப்படியானால் எல்லாம் இவர் வீட்டிலிருந்துதான் வருகிறதா? எல்லாம் என்றால் எது என்று யாரும் விளக்கவில்லை. எங்களை எல்லாம் கையெழுத்துப் போட வைத்துவிட்டு நீங்கள் எலி வளர்த்தீர்களா என்று டீச்சர் கேட்டார், கடிபட்ட பையை மடியில் அமுக்கிக்கொண்டு. அரை மணி நேரத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. பொருளாளரே இனி செயலாளர். மற்ற வீடுகளின் நலன் கருதி, எலி உள்ள அந்த ஒரு வீட்டை மட்டும் உடனே, மிச்சம் மீதி இல்லாமல் அடைப்பது.

எலிக்காரர் அடைத்தார். மூன்று நாள் பொறி வைத்து ஆறு பிடித்தார். நான்காம் நாள் எவர்சில்வர் வலையும், கம்பி நாரும் சிமெண்ட்டும் வைத்து, பென்சில் முனைகூட நுழையாமல் பூசினார். கட்டடத்திலேயே எலி நுழைய முடியாத வீடு என்று இப்போது ஒன்றுதான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. கூட்டத்தில் நடந்தது சகலையின் காதுக்கு எப்படியோ எட்டி, அங்கிருந்து அவளுக்கும் இன்னும் நாலு வீட்டுக்கும் எட்டியிருந்தது. வாசலில் இரண்டு பைகளோடு மனைவி. பதவி போன இடத்தில் பலகை வெறும் பெயரோடு இருந்ததைப் பார்த்தாள். ஆனால் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை, பைகளைக் கீழே வைக்கவும் இல்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மேலே தடதடவென்று ஏதோ ஓடியது. ஒரு பாத்திரம் உருண்டது. புதுச் செயலாளரின் மனைவி வீறிட்டாள். உடனே அவர் குரல், மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி: "அங்க ஒண்ணுமில்லை. உனக்குத்தான் பிரமை."

"என்னங்க சத்தம் அது?" என்றாள் இவள்.

முப்பத்தோரு வருடப் பழக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்ல எல்லாம் தயார். அவர் அதை மென்று விழுங்கினார்.

"எலி" என்றார். "நம்ம வீட்டிலேர்ந்து போனது."

அவள் ஒரு பையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.