தென்காசி பாய்

"பாய், ஞாயித்துக்கிழமை குற்றாலத்துக்கு வாரோம். நான், டாக்டர், சார், மூணு பேரும். அருவியில குளிச்சிட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான். முகத்தப் பாக்காம எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கது?"

திருவேங்கடத்து மந்திரமூர்த்தி அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னதை ஹெட்போனில் கேட்டதும் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். அவர்கள் பார்க்க வரும் பாய் தென்காசியில் இல்லை. அவர் சவூதியில், தம்மாமில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அவர் பெயரில் இவர்களோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தது அவருடைய மனைவி நூருன்னிசாவாகிய நான்.

வீட்டிலேயே வயர்லெஸ் பெட்டி கட்டி, அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, கண்ணால் பார்க்காத ஆட்களோடு பேசிப் பொழுதைப் போக்குகிறவர்கள் உண்டு. ஹாம் என்பார்கள். நான் மச்சான் என்று கூப்பிடும் என் கணவர் துல்கர்னைனுக்கு அந்தப் பைத்தியம் இருந்தது. அவருக்குக் கிடைத்தது இரண்டாம் தர லைசென்ஸ். வாயால் பேச அனுமதி கிடையாது, புள்ளியும் கோடுமாக மோர்ஸில் தட்ட மட்டும்தான். கல்யாணமான புதிதில் அவர் பரீட்சைக்குப் படித்தபோது, நான் தட்டில் கரண்டியால் தட்டுவேன், அவர் எழுத்தைச் சொல்வார். பாதி தப்பாகச் சொல்வார். எனக்கு ஒன்றுகூடத் தப்பாது. பரீட்சை எழுதியது அவர், படித்தது நான் என்று வையுங்கள். நாலைந்து தடவை காற்றில் தட்டியிருப்பார், அதற்குள் விசா வந்துவிட்டது. 1981-இல் போனவர் போனவர்தான்.

பெட்டியைத் தினமும் ஓட விடாவிட்டால் சாரல் காலத்து ஈரத்தில் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் ஓட விட்டேன். காலை ஏழு மணிக்கு மூன்று குரல்கள் கேட்கும். மதுரையிலிருந்து பஞ்சாபகேசன் சார். வயர்லெஸ் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர்ப் பெயரைச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிடுவது அவர்தான். தூத்துக்குடியிலிருந்து பல் டாக்டர் நாறும்பூநாதன். அப்புறம் திருவேங்கடம் ஊரில் பருத்திக் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மந்திரமூர்த்தி அண்ணாச்சி. பெரிய விஷயம் எதுவும் பேச மாட்டார்கள். ஏரியல் கம்பியில் காக்கா கூடு கட்டியது, டாக்டர் வீட்டுப் பூனை காணாமல் போய்த் திரும்பி வந்தது, சாருக்குக் காப்பியில் சர்க்கரை கூடிப்போனது. இதுதான் பேச்சு.

ஒரு வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒருநாள் அண்ணாச்சி, தன் வீட்டு இட்லி கல்லாட்டம் இருக்கிறது என்று புலம்பினார். ஆப்பசோடா போடச் சொன்னார் டாக்டர். அரிசியை மாற்றச் சொன்னார் சார். மூன்று ஆண்பிள்ளைகள் சேர்ந்து கால் மணி நேரம் இட்லியைப் பற்றி உளறினால் யாரால் பொறுத்துக்கொள்ள முடியும்? கை தானாக மோர்ஸ் கட்டைக்குப் போய்விட்டது. லைசென்ஸோடு மச்சானுக்குக் கொடுத்திருந்த அழைப்புக் குறியைத் தட்டி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவே தட்டினேன். உளுந்து கம்மி.

"அடேடே, தென்காசி பாய் உயிரோடதான் இருக்காரு" என்று அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் நான் மாட்டிக்கொண்டேன். அன்று முதல் தினமும் தட்டினேன். என்னோடு யாரும் அப்படிப் பேசியதே இல்லை. மருமகளோடு பேசுவார்கள், துல்கர்னைன் வீட்டுக்காரியோடு பேசுவார்கள். இவர்கள் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

பயம் இல்லாமல் இல்லை. லைசென்ஸ் இல்லாத ஆள் தட்டினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மச்சானின் லைசென்ஸும் போகும், போலீசும் வரும். அவர் ஊர் திரும்பியதும் செய்ய ஆசைப்பட்டுப் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிக்கொண்டிருந்த ஒரே காரியம் இந்த ஹாம்தான். அதைவிடப் பெரிய பயம் தெருவைப் பற்றியது. புருஷன் வெளிநாட்டில் இருக்க, கதவைச் சாத்திக்கொண்டு தினமும் மூன்று அந்நிய ஆண்களோடு பேசுகிறவள் என்று தெரிந்தால், உளுந்து கதையெல்லாம் அங்கே எடுபடாது.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை நான் தட்டிய முதல் பொய், அருவியில் தண்ணீர் இல்லை என்பது.

"என்ன பாய் சொல்லுதீங்க? குளிக்கவே விட மாட்டேங்கான், அவ்வளவு தண்ணினு செங்கோட்டை பஸ்காரன் நேத்துச் சொன்னானே" என்றார் அண்ணாச்சி.

வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று தட்டினேன்.

"எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிட்டு. நான் உள்ள வாரேன், இவங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்கட்டும்" என்றார் டாக்டர்.

கடைசியில் சார், "தென்காசி, ஞாயிறு மதியம் பன்னெண்டு மணி. ஏரியலைப் பாத்து வீட்டைக் கண்டுபிடிச்சிடுவோம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. வேலையில் இருந்த காலத்தில் கள்ள வயர்லெஸ் வைத்திருந்தவர்களைத் தேடிப் பிடித்ததாக அவரே ஒருதடவை சொல்லியிருக்கிறார். இந்த மனிதருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஒவ்வொருவர் தட்டுவதற்கும் ஒரு கைவாகு உண்டு, கையெழுத்து போலத்தான். மச்சான் தட்டியதைக் கேட்ட காதுதானே அது.

அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மதியம், மச்சானின் தாயார், என் மாமி, தூங்கிய நேரம் பார்த்து மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கே நட்ட மூங்கிலுக்கும் கொல்லைத் தென்னைக்கும் நடுவில் ஏரியல் கம்பி ஓடியது. ஏரியல் இல்லாவிட்டால் எந்த வீடு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? சாரல் நனைத்த முடிச்சு அவிழ மாட்டேன் என்றது. கீழே போய் அரிவாளை எடுத்து வந்து ஒரே வெட்டு. கம்பி தொய்ந்து கொல்லையில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அன்று ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்.

ஞாயிறு காலை எழுந்து பல் தேய்க்கும்போதுதான் நினைவு வந்தது. ஹாம்காரர்கள் ஒருவரோடு ஒருவர் முதல்தடவை பேசினால், அதற்கு அத்தாட்சியாகத் தபாலில் ஒரு கார்டு அனுப்ப வேண்டும். அது அவர்கள் வழக்கம். மச்சான் அனுப்பாமல் விட்டதை, மூன்று பேருக்கும் நான் அனுப்பியிருந்தேன். கதவு எண், தெருப் பெயர் எல்லாம் குண்டு குண்டான எழுத்தில், என் கையாலேயே எழுதி.

பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. நான் அடுப்படி வாசலில் திரைக்குப் பின்னால் நின்றேன். மாமி பாத்திமுத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தார். ஈரத் தலையும் தோளில் ஈரத் துண்டுமாக மூன்று பேர். முன்னால் நின்ற குண்டு மனிதர் வாயைத் திறந்ததும் அண்ணாச்சி என்று தெரிந்துவிட்டது.

"துல்கர்னைன் பாய் வீடு இதானே ஆச்சி?"

"ஆமா. நீங்க யாரு?"

"அவரப் பாக்கத்தான் வந்தோம்."

"அவன் தம்மாம் போயி ரெண்டு வருசம் ஆச்சே" என்றார் மாமி.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சி குழம்பிப்போய், "அதெப்படி? முந்தாநேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு" என்றார்.

அவர் மேல் குற்றமில்லை. ஆனால் பிள்ளையை வளைகுடாவுக்கு அனுப்பிய வீட்டில், தெரியாத ஆண்கள் சேர்ந்து வந்து பேர் சொல்லிக் கேட்டால் அதற்கு எங்கள் தெருவில் ஒரே அர்த்தம்தான். போன வருடம் நாலு வீடு தள்ளி, ஜைனப் வீட்டுக்கு அப்படித்தான் வந்தார்கள். அவள் புருஷன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

மாமி கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். சத்தம் போட்டு அழவில்லை. "எம்மவனுக்கு என்ன ஆச்சு, எம்மவனுக்கு என்ன ஆச்சு" என்று அதே குரலில் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒண்ணுமில்லை ஆச்சி, ஒண்ணுமில்லை என்று டாக்டர் குனிந்து சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஒண்ணுமில்லை என்றுதான் ஜைனபிடமும் முதலில் சொன்னார்கள். மாமியின் உதடு வெளிறி, கை வெட்டி வெட்டி இழுத்தது.

நான் திரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் நின்றேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றால் இவர்கள் ஏதாவது சொல்லிச் சமாளித்துப் போய்விடுவார்கள், நான் தப்பிவிடுவேன் என்று அந்த ஒரு நிமிடம் கணக்குப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது. பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து மாமி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமி, மச்சான் நல்லா இருக்காங்க. இவங்க முந்தாநாள் பேசினது மச்சான்கிட்ட இல்ல. என்கிட்ட."

மாமி என்னைப் பார்த்தார். புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். பெட்டியைக் காட்டிச் சொன்னேன். எட்டு மாதமாக என்று சொன்னேன். போன உயிரை உடம்புக்குள் இறக்கிக்கொண்ட மாதிரி, மாமி மெல்ல மூச்சு விட்டார். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி சிவந்துபோய் வாசல்படியில் நின்றார். மூலத்துக்கு என்ன சாப்பிடலாம் என்று பாயிடம் கேட்டவர் அவர். துத்திக்கீரையை வதக்கிச் சாப்பிடச் சொன்னவள் நான். டாக்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சாபகேசன் சார் மட்டும் உள்ளே வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். பெட்டியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், ஜன்னல் வழியே கொல்லையில் கிடந்த கம்பியைப் பார்த்தார்.

"யார் வெட்டினது?"

"நான்தான் சார்."

"தப்புன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் எழுதிப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

தலையை ஆட்டினேன். அவர் மோர்ஸ் கட்டையை ஒருதடவை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"பழைய கை இது இல்லேன்னு ஆறு மாசமாத் தெரியும். யாரோ தம்பின்னு நெனச்சேன். இனிமே ஒரு எழுத்து வரக் கூடாதும்மா. வந்தா நான் எழுதித்தான் ஆகணும். கேட்டுண்டு சும்மா இருக்க என்னால முடியாது."

தேநீர் போட்டுக் கொடுத்தேன். மூன்று பேரும் நின்றபடியே குடித்தார்கள். போகும்போது அண்ணாச்சி மாமியிடம் மட்டும் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார்.

அன்று முழுக்க மாமி என்னிடம் பேசவில்லை. தெருவில் யாரிடமாவது சொல்வாரா, மகனுக்கு எழுதச் சொல்வாரா என்று அவர் அசையும்போதெல்லாம் நான் பதறினேன். சாப்பிடக் கூப்பிட்டேன், வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதுவே எனக்குத் திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு என்னால் இருக்க முடியவில்லை. தட்டக் கூடாது என்றார், கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. மூன்று முழக் கம்பியை ஜன்னலில் கட்டிப் பெட்டியைப் போட்டேன். மோர்ஸ் கட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன், என் கையை நானே நம்பவில்லை. பின்னால் மாமி வந்து நின்றது தெரிந்தது. என்ன நினைத்தாரோ, கோரைப்பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படி என்னதான் பேசுதாங்க, குடு" என்று ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

இரைச்சலுக்கு நடுவில் சாரின் குரல் மெலிதாக வந்தது. தூத்துக்குடியைக் கூப்பிட்டார். திருவேங்கடத்தைக் கூப்பிட்டார். தென்காசியைக் கூப்பிடவில்லை.

"சார், ஒண்ணு விட்டுப்போச்சே" என்றார் அண்ணாச்சி.

"அந்த லைசென்ஸ்காரர் ஊர்ல இல்லை" என்றார் சார்.

அதற்குப் பிறகு பேச்சு ஓடவில்லை. டாக்டர் பூனையைப் பற்றி ஏதோ ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அண்ணாச்சி இருமினார். நான் செத்துப்போன வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி மூன்று பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமி பார்க்கிறார் என்று துடைக்கவும் பயம்.

முடிக்கிற நேரத்தில் சார் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம். பொதுவாத்தான் சொல்றேன், யாருக்குன்னும் இல்லை. டிசம்பர்ல மெட்ராஸ்ல லைசென்ஸ் பரீட்சை. விண்ணப்ப பாரம் ஒண்ணு இன்னிக்குத் தபால்ல போடறேன். சொந்தப் பேர்ல எழுதணும். மோர்ஸ்ல ஃபெயில் ஆகற ஆள் இல்லை."

பேச்சு நின்று வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது. மாமி ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாருக்கு ஏட்டி சொல்லுதாரு?"

மெட்ராஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதிகாரிகள் முன்னால் போய் உட்கார வேண்டும். மச்சானுக்கு எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். தெருவுக்குத் தெரியாமல் இருக்காது. வெட்டிப்போட்ட கம்பி கொல்லையில் கிடந்தது.

"எனக்குத்தான் மாமி" என்றேன்.