நாற்பத்து நாலு வயது சிறுநீரகம்

கஸ்தூரிரங்கன் கொடை வள்ளல் ஆனது போன வருடம் மாசி மாதம். மனைவி ஹம்சா, இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துபோய், வாரம் மூன்று நாள் அடையாறில் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே பெண் மஹதிக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. அறுபத்தோரு வயது கணவருடையது பொருந்தியது. அன்றிலிருந்து மயிலாப்பூரில் இந்தச் செய்தி தெரியாமல் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. கீரைக்காரிக்குத் தெரியும். தெற்கு மாட வீதியில் செருப்பு தைப்பவருக்கும் தெரியும்.

அறுவைக்குத் தேதி குறிக்கும் சமயத்தில் ஹம்சாவின் நுரையீரலில் கிருமி தென்பட்டது. அதை ஒழித்துவிட்டுத்தான் மாற்று சிகிச்சை, எட்டு மாதம் பொறுங்கள் என்றார் டாக்டர் ஷீலா. வேறொருவர் என்றால் பொறுத்திருப்பார். இவர் காப்பீட்டுக் கம்பெனியில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சும்மா விட்டுவைத்துப் பழக்கமில்லை. கொடுப்பதுதான் கொடுக்கிறோம், பழைய சரக்கை ஏன் கொடுக்க வேண்டும்? எட்டு மாதத்தில் அதை இளமையாக்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

இளமை தி. நகரில், பனகல் பார்க் பக்கம் ஒரு மாடியில் கிடைத்தது. விற்றவர் பொன்ராஜ். தொழில் 'கோச்'. எதற்குக் கோச் என்று அட்டையில் போட்டிருக்கவில்லை. எடை மெஷின் மாதிரி ஒன்றின் மேல் வெறுங்காலோடு ஏறச் சொன்னார். மெஷின் சற்று யோசித்து, உடம்பின் வயது ஐம்பத்தெட்டு என்றது. கஸ்தூரிரங்கன் பதினோரு டப்பாவோடு வீடு திரும்பினார். மூப்பைத் தடுக்க, செல்லைப் புதுப்பிக்க, ரத்தத்தைக் கழுவ என்று ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு இலாகா. கேப்ஸ்யூலின் கூடு மாட்டு எலும்பில் செய்வது என்று யாரோ கிளப்பிவிட, அதைத் திருகித் திறந்து, தூளை மட்டும் தேனில் குழைத்துச் சாப்பிட்டார். ஆசாரம் கெடாமல் இளமை வந்துகொண்டிருந்தது. ஆறாம் மாதம் மெஷின் நாற்பத்து நாலு என்றபோது, பூங்காவில் அவரோடு நடக்கும் கோஷ்டி முழுக்க அவர் செலவில் காபி குடித்தது.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று ஹம்சா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மருந்தாக இருந்தால் கேட்கலாம், இது மருந்தே இல்லையே என்றார் அவர். மாத்திரை விழுங்குகிறவர்களிடம் அவருக்கு ஒரு இளக்காரம் உண்டு. ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'உட்கொள்ளும் மருந்துகள்' என்ற இடத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்.

எட்டு மாதம் முடிந்தது. ஹம்சாவின் நுரையீரல் சுத்தம். இருவருக்கும் மறுபடி எல்லா சோதனைகளும் எடுத்தார்கள். டாக்டர் ஷீலா அவருடைய ஸ்கேனை வெகுநேரம் பார்த்தார். இரண்டு சிறுநீரகத்திலும் கற்கள். முதல் சோதனையில் புள்ளி ஒன்பதாக இருந்த கிரியேட்டினின் என்ற ரத்தக் கழிவு இப்போது இரு மடங்கு, ஒன்று புள்ளி எட்டு.

"என்ன மருந்து சார் எடுத்துக்கறீங்க?"

"மருந்தே தொடறதில்ல டாக்டர். ஃபார்மைப் பாருங்கோ."

ஹம்சா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "மருந்து இல்ல டாக்டர். சத்து. பதினோரு சத்து."

மறுநாள் டப்பாக்கள் மஞ்சள் பையில் வந்தன. டாக்டர் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். நாலு டப்பாவில், நாலு பெயரில், ஒரே வைட்டமின் சி. கூட்டினால் நாளைக்கு ஐந்து கிராம். அவ்வளவு போனால் சிறுநீரகத்தில் கல்லாகத்தான் சேரும் என்றார். மற்ற தூள்களில் பாதி என்னவென்று தனக்கே தெரியவில்லை, இதில் எதுவும் மனிதனுக்கு வயதைக் குறைத்ததாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்றும் சொன்னார்.

"நிறுத்திட்டா சரியாயிடுமோல்லியோ?"

"கொஞ்சம் தேறலாம். ஆனா இதுல ஒண்ணை எடுத்துட்டா மிச்சம் உங்களுக்கே போதாது சார். நாங்க எடுக்க மாட்டோம்."

கஸ்தூரிரங்கன் பொன்ராஜிடம் போனார். உள்ளே கிடந்த கழிவுதான் கல்லாகி வெளியே வரப்பார்க்கிறது, நல்ல அறிகுறி, இந்த நேரம் பார்த்து நிறுத்திவிடாதீர்கள் என்றார் கோச். மெஷினில் ஏறச் சொன்னார். ஏறினார் என்பதுதான் கேவலம். நாற்பத்து மூன்று.

இறந்தவர்களின் உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஹம்சாவின் பெயர் ஏறியது. எத்தனை வருடமாகும் என்று கேட்டதற்கு, போன் வரும், ஆன் செய்தே வையுங்கள் என்று மட்டும் கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்.

கற்களுக்கு டாக்டர் கொடுத்த வைத்தியம் தண்ணீர். நாளைக்கு மூன்று லிட்டர், பகல் முழுக்க, விடாமல். குடித்த நீர் வெளியேற வழியில்லாத ஹம்சாவுக்கு நாள் முழுக்க அனுமதி எழுநூறு மில்லி. காபியும் ரசமும் அதற்குள்ளேயே அடக்கம்.

அடுத்த டயாலிசிஸ் அன்று, அவள் கையில் ஊசி ஏற்றி அரை மணி ஆகியிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த கஸ்தூரிரங்கன் பாட்டிலைத் திறந்தார். டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ரத்னா திரும்பினாள்.

"இன்னா சார் நீ, வெளிய போய்க் குடி. அம்மா பாத்துக்கினு கீது."

அவர் எழுந்தார். ஹம்சா ஊசி இல்லாத கையால் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"போகாதீங்கோ. நாலு மணி நேரம் தனியா இருக்க முடியல. அந்தப் பக்கம் திரும்பிண்டு குடியுங்கோ."

அவர் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்று இன்னும் இரண்டே கால் லிட்டர் பாக்கி இருந்தது. சத்தம் வராமல் விழுங்கப் பார்த்தார். முடியவில்லை.