பாதிக்குப் பாதி பேசி முடித்தது

...அறுநூற்றுப் பதினெட்டு, எதில் அறுநூற்றுப் பதினெட்டு, தொள்ளாயிரத்திலாம், அப்படியென்றால் பள்ளிக்கூடக் கணக்குக்கு அவள் முதல் வகுப்பே தேறிவிட்டாளே, பிறகு ஏன் கைப்பேசித் திரையில் அந்த முள் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறது... கல்லாவில் உட்கார்ந்தபடி தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே கொண்டுவந்து பார்த்தாள், ஜன்னல் திரையும் படுக்கை விரிப்பும் விற்றே நரைத்தவளுக்கு எதையும் வெளிச்சத்தில் ஒரு தரம் நிழலில் ஒரு தரம் பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லை, ஆனால் இது சாயம் மாறுகிற சரக்காகத் தெரியவில்லை. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பாளா என்பதற்கு மார்க்காம், யார் போட்டான், அவளை ஒரு நாளாவது கண்ணால் பார்த்திருப்பானா? அவளும்தான் தினம் மார்க் போடுகிறாள், அதற்கு முள்ளா வேண்டும், வருகிறவன் விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்து, துணியைக் கசக்கி, வாசல்வரை போய்த் திரும்பி வந்தானானால் அவன் பணம் கொடுக்கிறவன், ஒரு வார்த்தை பேரம் பேசாமல் ‘கட்டுங்க’ என்கிறவன் கொடுக்கப்போவதில்லை, கொடுக்காத பணத்தில் குறைத்து அவனுக்கு என்ன ஆகப்போகிறது, இந்த ஒரு கணக்கு அவளை இதுவரை ஏமாற்றியதில்லை.

பின்கட்டில் தையல் மெஷின் நின்றது. “என்ன போட்டிருக்கான்?” என்றார் கணவர், வாயில் குண்டூசி இருந்ததால் பாதிச் சொல்தான் வெளியே வந்தது. “பாஸ்தாங்க” என்றாள், பொய்யில்லையே. “பாஸுக்கு பேங்க்காரன் கடன் தருவானா?” தரமாட்டான், அதுதானே சங்கடம், கட்டடக்காரர் கடையை விற்கிறார், உங்களுக்குத்தான் முதல் உரிமை, மூன்று மாசம் பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டார், அதற்கப்புறம் பக்கத்து செல்போன் கடைக்காரன் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான், இப்போதே வந்து வந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறான், மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கிற மாதிரி... மெஷின் மறுபடி ஓடியது. இத்தனை தரம் திறந்து பார்த்தால் மார்க் தேய்ந்துவிடுமோ, ஊறுகாய் ஜாடியா இது, இல்லையாம், தன் மார்க்கைத் தானே பார்த்தால் ஒன்றும் குறையாதாம், கீழே எழுதியிருக்கிறது, பேங்க்காரன் பார்த்தால்தான் குறையுமாம், அடப்பாவி, போன மாசம் வட்டியைக் குறைத்துக் கேட்கலாமென்று நாலு பேங்க்கில் மனுப் போட்டாளே, நாலு கடை ஏறி விலை கேட்பது குற்றமா, அவள் பிறந்த வீட்டில் ஒரே கடையில் வாங்கி வருகிறவனைத்தான் திருதிருவென்று பார்ப்பார்கள், இவனுக்கோ நாலு இடத்தில் கேட்டால் நாலு இடத்தில் விரட்டினார்கள் என்று அர்த்தமாம்.

ஆனாலும் அதற்குக் கொஞ்சம்தான் குறைத்திருக்கிறான், பெரிய வெட்டு வேறெங்கோ... விரலால் தள்ளிக்கொண்டே போனாள், வேடிக்கையாகத்தான் இருந்தது, தன்னைப் பற்றி ஊர் பேசுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிற மாதிரி. கரண்ட் மெஷின் வாங்கிய கடன், ஒழுங்காக அடைத்தது, பச்சை. நகைக் கடன், பச்சை. பழைய கிரெடிட் கார்டு... சிவப்பு. இதுவா? இதுவா சிவப்பு? இது அவளுடைய வெற்றிக்கொடி அல்லவா, வியாபாரம் படுத்த வருஷம் கார்டு பாக்கி வட்டிக்கு வட்டி ஏறி நின்றபோது வசூல்காரன் போன் பண்ணினான், அவள் அழுதாள், கோபித்தாள், போனை வைத்தாள், எடுத்தாள், கடைசியில் பாதிக்குப் பாதி பேசி முடித்தாள், பேங்க்கிடமே பேரம் பேசியவள் என்று கல்யாண வீடுகளில் கொழுந்தன் அவள் குரலிலேயே நடித்துக் காட்டுவான், “சார், முழுசும் வேணும்னா என்னையே கட்டித் தூக்கிட்டுப் போங்க!” எல்லோரும் சிரிப்பார்கள், அவளுக்குப் பெருமை தாங்காது. இப்போது அந்த இடத்தில் ஒரே வரி, முழுத் தொகையும் தரவில்லை, குறைத்துக் கட்டி முடித்தது. தள்ளுபடி என்று இவள் நினைத்ததை அவன் நஷ்டம் என்று எழுதி வைத்திருக்கிறான், எழுதியதைச் சொல்லவும் இல்லை, அன்றைக்கு எவ்வளவு மரியாதையாகப் பேசினான், “சந்தோஷம்தானே மேடம்?” என்றுகூடக் கேட்டானே...

“என்ன தங்கச்சி, போனுக்குள்ளயே போயிட்டீங்க?” லாட்ஜ்காரர், வந்து அரை மணி நேரமாகத் துணியைத் தடவிக்கொண்டிருக்கிறார், பத்து அறைக்குத் திரை மாற்ற வேண்டுமாம், கடனுக்கு. “பாருங்கண்ணே, பாருங்க” என்று சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் இது அதே சிரிப்பு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாயம் போயிற்று, ஓரம் பிரிந்தது என்று கண்ணீர் வராத குறையாகப் பேசிப் பேசி அவர் பாக்கியைப் பாதியில் முடித்தபோது, “போகட்டும்ணே, நமக்குள்ள என்ன” என்று சிரித்தாளே, அதே சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் எப்போது கடனுக்குக் கேட்டாலும் சரக்கு வரவில்லை, நாளைக்கு வரும், லாரி நிற்கிறது... மனுஷன் நிஜமாகவே லாரி நிற்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இவர் மார்க் என்ன என்று இவருக்கு எந்தப் போன் காட்டும்? அது போகட்டும், அவளுக்கு? அவள் விலை குறைத்துக் குறைத்தே துணி வாங்குகிற மில் ஏஜென்ட் இப்போதெல்லாம் புது டிசைனை எதிர்க் கடையில் காட்டிவிட்டுத்தானே இங்கே வருகிறான், அவனும் சிரித்துக்கொண்டேதான் வருகிறான்...

பேங்க்குக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண், சின்னக் குரல். “அன்னைக்கு விட்டுக்கொடுத்த மீதியை நீங்க இப்பவும் கட்டலாம் மேடம், கட்டினா முழுசா அடைச்சதுன்னு மாத்திடுவாங்க, ரெண்டு மாசம் ஆகலாம்.” “மார்க் ஏறுமா?” “ஏறும் மேடம், எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது.” மீதித் தொகையையும் அந்தப் பெண்ணே சொன்னாள். இவள் நாக்கு தானாக எழுந்தது, அதில் கொஞ்சம் பார்த்து, வட்டியையாவது, ரெண்டு தவணையா... பல்லுக்குப் பின்னால் பிடித்து நிறுத்தினாள், தும்மலை அடக்குகிற மாதிரி கண்ணில் தண்ணீர் வந்தது. “சரிம்மா, முழுசும் கட்டிடறேன்.” “நிச்சயமா கட்டுவீங்களா மேடம்?” நிச்சயமாக என்றாள், சொன்னபோது அவள் குரலே அவளுக்கு ஏமாற்றுக்காரியின் குரலாகக் கேட்டது.

போனை வைத்தாள். லாட்ஜ்காரர் நீலத் துணியை எடுத்துப் போட்டார். “இது என்ன விலை தங்கச்சி?” அவர் பேசிக் குறைப்பதற்கென்று கொஞ்சம் ஏற்றியே சொன்னாள், வழக்கம்தான். அவர் துணியைக் கசக்கவில்லை, வாசல் பக்கம் திரும்பவும் இல்லை. “சரி, கட்டுங்க. அடுத்த மாசம் முழுசும் தந்துடறேன்” என்றார். கத்தரிக்கோலை எடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள், வெளிச்சத்தில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம்... இந்த மாதிரி ஒருத்தரை இத்தனை வருஷம் என்ன மார்க் போட்டு அனுப்பினோம் என்பது நன்றாகவே ஞாபகம் இருந்தது, ஆனால் அந்தக் கணக்குப்படி பார்த்தால், சற்று முன்னால் போனில் ‘முழுசும் கட்டிடறேன்’ என்றவளும் கட்டமாட்டாளே...