சுலெய்தி தேய்த்த கறை

நோவா ஒலிந்தா குவாரியில் கல் பிளக்கிறவர்களுக்கு, கல்லுக்குள் பதிந்த மீனும் பூச்சியும் புதிதல்ல. ஆனாலும் அவர்களில் ஒருவனான ஜெனிவால், தலையில்லாத ஒரு பூச்சி பதிந்த கல்லை அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். இது என்ன ஜந்து என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர் இவொனெத்தி அவனைத் தேடி வந்தாள்.

"பழைய ஏரிச் சேத்துல புதைஞ்சது. பதினோரு கோடி வருஷமாச்சு. இப்படி ஒண்ணை நாங்க பார்த்ததே இல்ல. ஆனா தலை இல்லாம இன்னதுன்னு சொல்ல முடியாது. பிளந்த கல்லுல இன்னொரு பாதி எங்க?"

இன்னொரு பாதியில் நகமளவு கறுப்பு மட்டுமே இருந்தது. கறைதானே என்று ஜெனிவால் அதை மாமியார் சுலெய்தி வீட்டு அடுப்படித் தரையில் பதித்துவிட்டான். "மாப்ள எனக்குன்னு பார்த்துக் கறைக்கல்லாப் போட்டாரு" என்று அவளும் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

இருவரும் போய் நின்றபோது சுலெய்திக்குப் பெருமை தாங்கவில்லை.

"அந்தக் கறையா? சனிக்கிழமை தவறாம மணலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ச்சேன். இப்ப பாருங்க."

இவொனெத்தி மண்டியிட்டு லென்ஸை வைத்துப் பார்த்தாள். கல் பளிச்சென்று இருந்தது. ஜெனிவாலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அது பூச்சியோட தலை, அத்தை."

"தெரியாம என்ன? முட்டைக்கண்ணு. அரிவாள் மாதிரி தாடை. இடது மீசை மடிஞ்சிருக்கும். முதல்ல மீசை போச்சு, அப்புறம் தாடை. கண்ணு மட்டும் போன ஈஸ்டர் வரைக்கும் என்னை முறைச்சுக்கிட்டே கிடந்துச்சு."

இவொனெத்தி அத்தனையும் எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை மூடினாள். "வாய்ச்சொல்லை வெச்சுப் பேர் வைக்க முடியாதும்மா. இதே மாதிரி இன்னொண்ணு கிடைச்சாத்தான் உண்டு."

அன்று சுலெய்தி காப்பிகூடக் கொடுக்க மறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஜெனிவால் குவாரிக்குப் போனபோது, கழித்துப் போட்ட கற்குவியலின் நடுவே முக்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு கல்லாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சுலெய்தி அக்கா, வீட்டுல தேய்க்கக் கல்லு தீர்ந்துபோச்சா?" என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"வெயில் மண்டையைப் பிளக்குது. வீட்டுக்குப் போங்க அத்தை" என்றான் ஜெனிவால். "கிடைச்சாலும் அதே பூச்சிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் நிமிரவில்லை.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க மாப்ள. அஞ்சு வருஷத்துக்கு மேல தினம் பார்த்த மூஞ்சி. எங்க கிடந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்."