கணக்கு ஊசிக்கரட்டுக்கு வந்த வாரம்

எங்கள் ஒன்றியத்துக்குக் கணக்குப் பாடம் ஒன்றுதான். பள்ளிக்கூடங்கள் பதினான்கு. அதனால் கணக்கு ஒரு பள்ளியில் ஒரு வாரம் இருக்கும், திங்கட்கிழமை காலையில் அடுத்த பள்ளிக்குக் கிளம்பும். அறிவியலும் ஒன்றுதான், சமூக அறிவியலும் ஒன்றுதான், ஆங்கிலமும் அப்படியே. வட்டாரக் கல்வி அலுவலகத்து ஜீப்பில் இவற்றை ஏற்றி இறக்குவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். என் பெயர் பூமிராஜன்.

தமிழை மட்டும் எல்லாப் பள்ளிக்கும் கொடுத்திருப்பதாகச் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்துச் சுற்றறிக்கைகளைப் படித்தால், அலுவலகத்துக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று தெரியும்.

கணக்கு ஓர் ஆட்டுக்குட்டியின் கனம் இருக்கும். முன் சீட்டில் உட்காரும், வழியில் ஒரு தொந்தரவும் கிடையாது. அறிவியலைப் பின்னால் கட்டிப்போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். கட்டாவிட்டால் எஞ்சினைத் திறந்து காட்டச் சொல்லி உயிரை வாங்கும். ஆங்கிலத்துக்கு மேடு பள்ளம் ஒத்துக்கொள்ளாது. பாதி வழியில் இறக்கி, எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்து, முகம் தெளிந்த பிறகு மறுபடியும் ஏற்றுவேன்.

ஒரு பாடம் பள்ளியில் இல்லை என்றால் அந்த ஊரிலேயே இல்லை. கணக்கு இல்லாத வாரங்களில் ஊரில் யாருக்கும் எண்ண வராது. கடையில் கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள், கை நிறைய வாங்கிக்கொள்வார்கள். கல்யாணங்களைக் கணக்கு வரும் வாரமாகப் பார்த்து வைப்பார்கள், பந்திக்கு இலை எண்ண வேண்டும். சமூக அறிவியல் கிளம்பிப் போனால் வரப்புத் தகராறு நின்றுவிடும், எல்லை எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அது திரும்பி வந்த அன்றைக்கே ஆளுக்கொரு மண்வெட்டியோடு இறங்கிவிடுவார்கள்.

ஒருமுறை படித்தவனுக்கு, பாடம் இருக்கும் ஊருக்குப் போனதும் படித்தது திரும்ப வந்துவிடும். படிக்காதவனுக்குத் திரும்பி வர ஒன்றும் இல்லை. டவுன் மேல்நிலைப் பள்ளியில் எல்லாப் பாடமும் நிரந்தரமாக இருக்கிறது, ஆறாம் வகுப்புக்கு எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் போக வேண்டும். எங்கள் அலுவலகமும் டவுனில் இருப்பதால் எங்களுக்கு எப்போதும் எண்ண வரும்.

எங்கள் ஒன்றியத்தின் தேர்ச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுத் தேர்வு எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் நடக்கும். கணக்குத் தேர்வு அன்று கணக்கு எந்தப் பள்ளியில் இருக்கிறதோ, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கில் தேறுவார்கள். மற்ற பதின்மூன்று பள்ளிகளிலும் பெயரை மட்டும் எழுதி வெறும் தாளைக் கொடுப்பார்கள். இதில் மனக்கசப்பு வரக் கூடாது என்பதற்காகத் தேர்ச்சியையும் சுழற்சி முறையில் வைத்திருக்கிறோம். மாவட்டத்தில் நாங்கள்தான் கடைசி. மாவட்டக் கூட்டத்தில் எங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் தெய்வசிகாமணி அய்யா எழுந்து, முன்னேறி வருகிறோம் என்று சொல்லிவிட்டு உட்காருவார். கடைசியில் இருப்பவர்கள் வேறு எந்தப் பக்கம் போக முடியும்?

ஒரு பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் அதைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஒன்றியத்து விதி. ஊசிக்கரட்டுக்குப் பக்கத்துப் பள்ளி தாழைப்பொட்டல். நடுவில் ஆறு கிலோமீட்டர் பொட்டலும் ஓர் ஓடையும் கிடக்கின்றன. ஊசிக்கரட்டில் பள்ளியை மூடினால் சின்னப் பிள்ளைகள் தாழைப்பொட்டலுக்கு நடக்க மாட்டார்கள், ஆட்டுக்குப் பின்னால் போய்விடுவார்கள். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியை இன்னாசியம்மாளுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அங்கே தலைமையாசிரியையும் அவர்தான், டீச்சரும் அவர்தான், மணி அடிப்பதும் அவர்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் ஜீப்பருகில் வந்து, இனிமேல் கணக்கைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டாம் என்றார். நான் காரணம் கேட்கவில்லை. எண்ண முடியாத பள்ளியை மூட முடியாது என்பது ஜீப் ஓட்டுகிறவனுக்கும் புரியும். அதன் பிறகு ஊசிக்கரட்டின் முறை வரும்போதெல்லாம் ஒருமுறை டயர் பஞ்சரானது, ஒருமுறை ஓடையில் தண்ணீர் வந்தது, ஒருமுறை எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் மட்டும் நிஜம்.

அய்யா ஆண்டாய்வுக்கு வருவார். பிள்ளைகள் மரத்தடியில் வரிசையாக நிற்பார்கள். அய்யா விரலை நீட்டுவார், முதல் பிள்ளையின் தலைக்கு நேரே விரல் அப்படியே நின்றுவிடும். பிறகு நோட்டை வாங்கி, 'பிள்ளைகள் உள்ளனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறுவார். சத்துணவு ஆயா ஒரு சட்டி முட்டை அவித்து, நீட்டின கைக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருப்பார். கை நீட்டுவது நின்றதும் சட்டியை மூடுவார். இப்படி ஐந்து வருடம் பள்ளி நன்றாக நடந்தது.

போன தை மாதம் மகிஷா என்ற ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தாழைப்பொட்டலுக்கு அத்தை வீட்டுப் பொங்கலுக்குப் போனாள். அந்த வாரம் கணக்கு தாழைப்பொட்டலில் இருந்தது. திரும்பி வந்த மூன்றாம் நாள் டீச்சரிடம் போய், கழித்தல் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறாள். நான் அறிவியலை இறக்க வந்தபோது டீச்சர் வாசலிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது.

"அங்க ஒண்ணாப்புப் பிள்ளைகூட வெரலை மடக்கிக் கணக்குச் சொல்லுச்சாம்ணே. இவ தன் வெரலைச் சும்மா பாத்துக்கிட்டே நின்னாளாம். ஜூன்ல டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகப் போற பிள்ள."

கணக்கு வந்தால் அய்யாவும் வருவார் என்று சொன்னேன்.

"வரட்டும். பள்ளிக்கூடத்தக் காப்பாத்துறேன்னு உள்ள இருக்கிற பிள்ளைகளக் கெடுத்துப்புட்டேன். நீங்க கொண்டாந்திருங்கண்ணே."

நானும் அதில் பங்கு உள்ளவன்தான்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது இருபதுக்குக் கணக்கை ஊசிக்கரட்டில் இறக்கினேன். அது தரையில் காலை வைத்ததும் ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆயாவுக்குத் தன் வயது தெரிந்தது, அடுப்படியில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் பாட்டில்களை எண்ணினார், பிறகு அலமாரியின் தட்டுகளை எண்ணினார், எண்ண வேறு ஒன்றும் இல்லாததால் மறுபடியும் பாட்டில்களுக்கு வந்தார். டீச்சர் வகுப்புக்குள் போய்ப் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். ஒன்பது பேர். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் மகிஷாவுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. கணக்கு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. டீச்சர் காலை, மாலை, விளையாட்டு நேரம் எல்லாவற்றிலும் கணக்கையே நடத்தினார். புதன்கிழமை மகிஷா சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகளிலிருந்து பறந்துபோன காக்கைகளைக் கழித்து, மிச்சம் இத்தனை என்று சொன்னாள். சரியாக இருந்தது. நான் அன்றைக்கு வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்திருந்தேன். வேறு வேலை என்று எதுவும் இல்லை, சும்மாதான் வந்தேன்.

வியாழக்கிழமை அய்யா ஊசிக்கரட்டுக்கு வண்டியை எடுக்கச் சொன்னார். கணக்கு அங்கே இருப்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும், சுழற்சிப் பட்டியல் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகுட்டிக்காரர், பண்டிகைக்கு எனக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பவர். ஆனால் ஓர் எண் கண்ணில் பட்டுவிட்டால் அதை எழுதாமல் அவரால் சாப்பிட முடியாது. வழியெல்லாம் ஜீப்பை மெதுவாக ஓட்டினேன். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் ஊர் வந்துதான் தீரும்.

நாங்கள் போனபோது டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது பெயர், ஒன்பது பேரும் உள்ளேன் டீச்சர் சொன்னார்கள். டீச்சர் பதிவேட்டை மூடப்போனார். அப்போது மகிஷா எழுந்தாள்.

"டீச்சர், இவனக் கூப்பிடலியே. திங்கக்கெழமையிலருந்து ஒருநாள் தவறாம வந்திருக்கான்."

டீச்சர் மகிஷாவைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கைப் பார்த்தார். பதிவேட்டைத் திரும்பத் திறந்து, ஒன்பதாம் பெயருக்குக் கீழே 'கணக்கு' என்று எழுதினார். பிறகு அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

"உள்ளேன் டீச்சர்" என்றது கணக்கு. இருபத்திரண்டு வருடத்தில் அதன் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். கொஞ்சம் கட்டைக் குரல்.

அய்யா விரலை நீட்டி எண்ணினார். பத்து. இரண்டுமுறை எண்ண வேண்டும் என்று விதி இருக்கிறது, அதனால் மறுபடியும் எண்ணினார். பத்து. சேர்க்கைப் படிவத்தைக் கேட்டார். டீச்சர் அப்போதுதான் ஒரு படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றார். சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அய்யாவே விதி எண்ணோடு சொன்னார். எந்த வகுப்பு என்று கேட்டார். புதுச் சேர்க்கை என்பதால் ஒன்றாம் வகுப்பு. பெற்றோர் யார் என்று கேட்டார். டீச்சர் படிவத்தை அய்யா பக்கம் தள்ளி வைத்தார். அய்யா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நான்தான் அய்யா தினமும் கொண்டாந்து விடுறது" என்றேன்.

தினமும் என்பது பொய். அய்யா தகப்பனார் என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்து, பாதுகாவலர் என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பிள்ளை கிடையாது. வெளியே வந்து வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன். என் மனைவி சரோஜினி, அது என்ன சாப்பிடும் என்று மட்டும் கேட்டாள்.

அய்யா நோட்டில் 'பிள்ளைகள் பத்து' என்று எழுதிவிட்டு, அன்று ஆயா கொடுத்த முட்டையை முழுதாகச் சாப்பிட்டார்.

பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளையை மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் வேறு பள்ளிக்குக் கொண்டுபோக முடியாது. மாற்றுச் சான்றிதழுக்குப் பாதுகாவலர்தான் விண்ணப்பிக்க வேண்டும். நான் விண்ணப்பிக்கவில்லை. அதனால் இப்போது கணக்கு ஊர் ஊராகப் போவதில்லை, மற்றப் பள்ளிப் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றி ஊசிக்கரட்டுக்குக் கொண்டுவந்து, பாடம் முடிந்ததும் கொண்டுபோய் விடுகிறேன். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது, பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். மாலை நாலரைக்கு நான் கணக்கை வீட்டுக்கு அழைத்துப்போன பிறகு ஊசிக்கரட்டில் எண்ண முடியாது என்பதால் கடைக்காரர் நாலேகாலுக்கே கடையைச் சாத்திவிடுகிறார். வீட்டில் சரோஜினி அதற்கு அகர வரிசை சொல்லிக் கொடுக்கிறாள். ஓவியம் சுமாராகத்தான் வருகிறது, பெற்றோர் கூட்டத்தில் வீட்டில் கொஞ்சம் கவனிக்கச் சொன்னார்கள்.

ஏப்ரலில் மகிஷா ஐந்தாம் வகுப்பு முடித்தாள். கணக்கில் தொண்ணூற்றொன்று. டீச்சர் அவளுடைய மாற்றுச் சான்றிதழை எழுதி, மை காயும்வரை ஊதி, அவள் கையில் கொடுத்தார். அவள் போன பிறகு டீச்சர் பதிவேட்டைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். ஊரில் ஒன்றாம் வகுப்புக்கு வர அந்த வருடம் வேறு குழந்தை இல்லை.

"மறுபடியும் ஒம்பதுண்ணே" என்றார்.

அன்றைக்கு ஜீப்பின் பின்னால் அறிவியல் இருந்தது. நான் போய்க் கட்டை அவிழ்த்துவிட்டேன். அது இறங்கி, மணியைத் தட்டிப் பார்த்தது, பதிவேட்டை மோந்து பார்த்தது, பெஞ்சில் மகிஷாவின் இடத்தில் உட்கார்ந்தது. டீச்சர் ஒரு படிவத்தை எடுத்தார். இந்தமுறை பாதுகாவலர் என்ற இடத்தில் என்னைக் கேட்காமல் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

ஜூன் முதல் வாரம் சீருடைக்கு அளவெடுக்க மகளிர் குழுவிலிருந்து பாண்டீஸ்வரி டேப்போடு வந்தார். அறிவியல் நேராக நிற்கவில்லை, டேப் எதனால் செய்தது என்று குனிந்து குனிந்து பார்த்தது. பாண்டீஸ்வரி அதன் தோளைப் பிடித்து நிமிர்த்தி, அசையாமல் நிற்கச் சொல்லி, அளவைக் குறித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார்.

"வளர்ற பிள்ள டீச்சர். ரெண்டு இஞ்சு உள்ள மடிச்சே தைக்கிறேன்."