கோர்ட்டு சொன்ன கை

கிட்ட வாருங்கள், என் செல்வங்களே. கதவோரம் ஒண்டிக்கொண்டிருப்பவளும் நகர்ந்து வரட்டும். ஒரு கையின் கதை சொல்கிறேன். இனிப்பான கதை இல்லை. கேட்கும்போது பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றினால் பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய காலை. தையல்காரி தன் மாமியாரின் எதிரே நின்றாள். அவளுடைய இடது கை தோளிலிருந்து ஈரத்துணிபோலத் தொங்கியது. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கிக் கிடந்தன. விரிக்க வராது.

"அத்தை, ஒரே ஒரு வார்த்தை. என் மருமக இடது கைக்காரி, நான்தான் நர்சுகிட்ட மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க. அது போதும்."

மாமியார் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலை வாரினாள். "ஆமா, வீட்டுக்குள்ள மூடி வச்ச குறையை ஊரைக் கூட்டித் திறந்து காட்டணுமாக்கும்."

"குறையா? இந்தக் கைதானே அத்தை இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு உலை வச்சுது?"

"வாய் நீளுது. நீயும் ஒரு பொட்டப்புள்ளையப் பெத்து வச்சிருக்க. தாய்க்காரி இடது கைன்னு தெரிஞ்சா, ரத்தத்திலேயே இருக்குன்னுவாங்க. நாளைக்கு அதை எவன் கட்டுவான்?"

லாரி ஓட்டும் புருஷன் மூலையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்காதே. அம்மா சொல்றதுதான். எனக்கு லோடு ஏத்தணும்." போய்விட்டான். செருப்புகூட அவனுக்கு அன்றைக்குச் சீக்கிரம் கிடைத்தது பாருங்கள்.

நடந்தது இதுதான், கண்ணுகளா. இரண்டாவது பிரசவத்தில் சாவின் வாசல்வரை போய்வந்தவள் அவள். இனி வேண்டாம் என்று, கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சிக்குச் சம்மதித்தாள். தீக்குச்சி அளவுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "எந்தக் கையால வேலை செய்வே? அந்தக் கையை விட்டுட்டு மத்தக் கையிலதான் வைக்கணும்."

கேட்டது அவளை. பதில் சொன்னது மாமியார். "எங்க வீட்டுல எல்லாருக்கும் வலதுதான். இடது கையில வையுங்க."

அந்த வீட்டில் பெரியவர்கள் பேசும்போது மருமகளின் வாய் சோறு தின்ன மட்டும்தான். அவள் வாயை மூடிக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

பிறவியிலேயே அவள் இடது கைக்காரி. பெற்றவர்கள் அதை மறைத்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். கட்டிக்கொடுத்த கையோடு போய்ச் சேர்ந்தும்விட்டார்கள். புகுந்த வீட்டில் அடித்து அடித்தே சோற்றுக்கும் தண்ணீருக்கும் வலது கையைப் பழக்கினாள் மாமியார். கத்தரிக்கோலும் ஊசியும்தான் அடிக்குப் பணியவில்லை. அவற்றுக்கு அந்த இடது கைதான் வேண்டும். அதனால் தையல் மிஷினுக்கு முன்னால் ஒரு திரை தொங்கியது. துணி கொடுக்க வருகிறவர்களிடம் மாமியார் வெளியே நின்று பேசுவாள். அவர்கள் தையலைப் பார்த்தார்கள், தைத்த கையைப் பார்த்ததே இல்லை.

குச்சியைச் செலுத்தும் கருவி அதைச் சதைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டது. கை குத்திக் குடைந்தது. "வேலைக்கள்ளிக்குக் கை வலிதானே வரும்" என்றாள் மாமியார். கடைசியில் கீறித் தேடி எடுத்தபோது நரம்பு செத்திருந்தது. இவளைப்போல் இன்னும் பல பெண்கள். எல்லாரும் சேர்ந்து குச்சி செய்த கம்பெனிமேல் வழக்குப் போட்டார்கள்.

"ஒவ்வொருத்தருக்கும் எது போச்சுன்னு தனித்தனியாப் பார்ப்பாங்கம்மா" என்று வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தாள். "உங்களுக்குப் போனது பிழைப்பு. ஆனா உங்க வாய்ச்சொல் மட்டும் எடுபடாது. வீட்டுல ஒருத்தர் வந்து சொல்லணும்."

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் தங்கமான மனுஷன்போலப் பேசினான். "களைச்சுப் போயிருக்கீங்களேம்மா, தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டினான். அவள் வலது கையால் வாங்கினாள். இடது கை மரத்துப்போனவள் வேறு எந்தக் கையால் வாங்குவாள்? அவன் ஜட்ஜைப் பார்த்துச் சிரித்தான். "பார்த்தீங்களா ஐயா?"

அடுத்து மாமியார் கூண்டில் ஏறினாள். வக்கீலம்மா கேட்டாள்: "உங்க மருமக எந்தக் கையால தைப்பாங்க?"

கிழவியின் கண் ஒரு கணம் அந்த மடங்கிய விரல்கள்மேல் நின்றது. அப்புறம் பின்வரிசைக்குப் போனது. அங்கே வேடிக்கை பார்க்க வந்த அடுத்த வீட்டுக்காரி கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுல இடது கைங்கிற பேச்சே கிடையாது. சத்தியமா வலதுதான்."

தையல்காரி தன் இடது கையை வலது கையால் எடுத்து, தூங்கும் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு வந்தது. மற்றப் பெண்களுக்குப் போன பிழைப்புக்கும் சேர்த்து நஷ்டஈடு. இவளுக்குத் தழும்புக்கு மட்டும். வேலை செய்யும் வலது கை பழுதில்லாமல் இருக்கிறதாம், ஆகவே பிழைப்புக்கு நஷ்டமில்லையாம். வக்கீலம்மாவால் அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மாமியாருக்கு மட்டும் அன்றிலிருந்து தெம்பு கூடியது. சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தபோது புதுத் துணி ஒன்றைக் கொண்டுவந்து மருமகளின் மடியில் போட்டாள்.

"கோர்ட்டே சொல்லிடுச்சு, உன் வலது கை கல்லு மாதிரி இருக்குன்னு. இன்னும் என்ன சாக்கு? எனக்கு ஒரு ரவிக்கை தை."

"சரிங்க அத்தை."

அவள் வலது கையில் கத்தரிக்கோலை எடுத்தாள். துணியை எலி கடித்ததுபோல அது கடித்துக்கொண்டு போனது. அவள் நிறுத்தவில்லை. வலது கையாலேயே தைத்தாள். கொக்கி வைத்தாள், இஸ்திரியும் போட்டாள். ரவிக்கையின் ஒரு கை முழங்கைக்குக் கீழே இறங்க, இன்னொன்று தோளிலேயே நின்றது. கழுத்து ஒரு பக்கமாகக் கோணியது.

கல்யாணத்தன்று, வாசலில் சொந்தமெல்லாம் கூடி நிற்க, அடுத்த வீட்டுக்காரியும் நிற்க, அதைக் கொண்டுவந்து மாமியாரின் முன்னால் வலது கையால் தூக்கிப் பிடித்தாள்.

"என்னடி கண்றாவி இது?"

"நீங்க சத்தியம் பண்ணின கையால தச்சது, அத்தை. போட்டுக்குங்க. ஊரே பார்க்கட்டும்."

கிழவி அதைப் பிடுங்கிச் சுருட்டினாள். அடுத்த வீட்டுக்காரி கழுத்தை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தாள்.

உங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளை எந்தக் கையை நீட்டினாலும் அந்தக் கையில் சோறு விழட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு அவளே வாய் திறந்து பதில் சொல்லட்டும். நன்றாக இருங்கள்.