அண்ணி கொடுத்த கொழுப்பு

என் அண்ணி ஜெசிந்தா யாருடைய அளவையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவளுடைய தையல் மிஷின். பிளவுஸ் தைக்க வரும் பெண்கள் கையைத் தூக்கி, வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். "மூச்ச வுடுக்கா, நான் இன்னா போலீஸா?" என்று சொல்லிக்கொண்டே டேப்பைச் சுற்றிப் பார்த்து, எண்ணை மனதுக்குள் வைத்துக்கொள்வாள். போன முறையைவிடப் பெருத்திருந்தால், "துணி சுருங்கிப் போச்சு, அதான் புடிக்குது. உள்ள கொஞ்சம் துணி வுட்டு வெக்கிறேன்" என்பாள். பழி துணிக்குப் போய்விடும்.

தன்னை மட்டும் அவள் அளந்ததே இல்லை. பழைய பிளவுஸை விரித்து, அதைவிடச் சற்றுத் தள்ளி வெட்டிக்கொள்வாள். என் அண்ணன் தாவீது அவளை "லாரி" என்பான். "டிரைவரு நீதானே, ஓட்டத் தெரியலன்னா எறங்கு" என்பாள். எல்லோரும் சிரிப்போம். சிரித்து முடித்ததும் அவள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வதை நான் பார்ப்பேன்.

அம்மா இறந்தபின் எனக்குத் தலை பின்னியவள், கல்லூரிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் அவள்தான். அவளைப் பார்த்துத்தான் உடல் கொழுப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று நான் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அவளுக்கு அது பெருமையாக இருக்குமா, அவமானமாக இருக்குமா என்று எனக்கே தெளிவில்லை.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொழுப்பு செல்களை வளர்க்கிறேன். கடலில் வளரும் பழுப்புப் பாசியில் ஆரஞ்சு நிறமி ஒன்று இருக்கிறது. அளவுக்கு மீறிக் கொழுப்பை அடைத்துக்கொண்ட செல்லுக்குள் உண்டாகும் எரிச்சலை அந்த நிறமி தணிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பாசி சேகரிக்க மாமல்லபுரம் போனபோது அண்ணியும் வந்தாள். நீர் இறங்கியிருந்த பாறைமேல் உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை செருகிக்கொண்டு, என்னைவிட வேகமாகப் பாசியைப் பிய்த்துப் போட்டாள்.

"இத துன்னா இளச்சிருவாங்களா கவியா?"

"அதுக்கில்ல அண்ணி. வூடு பூரா சாமானா அடச்சுக்கினா காத்தே வராம புழுங்குதுல்ல? கொழுப்பு ஏறின செல்லும் அப்படித்தான் புழுங்குது. இந்தக் கலரு புழுக்கத்தக் கொறைக்குதான்னு பாக்கறோம். அதுவும் தட்டுல வளர்ற செல்லுல. உடம்புக்குள்ள இன்னா பண்ணும்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது."

"புழுக்கம் கொறஞ்சாலே போதுமே. கொஞ்சம் தூக்கமாவது வரும்" என்றாள்.

வீட்டில் பாசியைக் கழுவி நிழலில் உலர்த்தி, பாத்திரத்தைச் சில்வர் பேப்பரால் சுற்றினேன். "இன்னா, பிரியாணி பார்சலா?" என்றான் தாவீது. வெளிச்சம் பட்டால் நிறமி கெட்டுவிடும் என்றேன். அண்ணி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

சில மாதம் கழித்து அண்ணிக்குத் தொப்புள் பக்கம் குடல் பிதுங்கிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அப்படி வயிற்றைத் திறக்கும்போது, சம்மதம் தருகிறவர்களிடமிருந்து ஒரு துணுக்குக் கொழுப்பு எங்கள் ஆய்வுக்கு வரும். ஆறு பேருடையது வேண்டும். ஐந்துதான் கிடைத்திருந்தது. ஆறாவது இல்லாமல் என் ஆய்வு நின்றுகொண்டிருந்தது. அண்ணி தானாகவே கேட்டாள்.

"என்னுது எடுத்துக்கினா ஆவாதா? பொறந்ததுலேர்ந்து மொத தடவ என் தொப்பைக்கு ஒரு மரியாத."

என் வழிகாட்டி வசுமதி மேடம் முறைப்படி அவளைக் கேட்டார். மாத்திரை, டானிக், நாட்டு மருந்து ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா? "ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றாள் அண்ணி.

அவளுடைய செல்கள் நன்றாக வளர்ந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றுக்கு உணவு மாற்றும்போது, எனக்குச் சோறு போட்டவளுக்கு நான் சோறு போடுகிறேன் என்று தோன்றும். தட்டின் மூடியைக் கூட மெதுவாகத்தான் வைப்பேன்.

ஒருநாள் காலை, காப்பித்தூளுக்காகச் சமையலறை மேல்தட்டில் கைவிட்டேன். சில்வர் பேப்பர் சுற்றிய டப்பா ஒன்று கையில் தட்டுப்பட்டது. திறந்ததும் கடல் வாடை.

"அண்ணி, இது இன்னா?"

"மாமல்லபுரத்துல பிச்ச பாசிதான். துவையலுக்கு" என்றாள், மிஷினை நிறுத்தாமல்.

"யாரு துன்றது?"

"நான்தான். ஆபரேசனுக்கு முன்னாடி தெனம் ஒரு உருண்ட." மிஷின் நின்றது. "கோச்சுக்காதடி. என் கொழுப்பு அடம் புடிச்ச கொழுப்பு. எத்தினி வருசமாப் பாக்கறேன், எதுக்கும் அசையாது. உன் கலரு போய் நின்னா, போடீன்னு சொல்லிட்டா உன் படிப்பு இன்னாவறது? அதான் முன்னாடியே கொஞ்சம் பழக்கி வெச்சேன்."

"மேடம் கேட்டாங்களே!"

"மாத்திரையான்னு கேட்டாங்க. துவையல் துன்னியான்னு கேக்கலியே."

கரையோரப் பாசியில் என்னென்ன கழிவு கலந்திருக்குமோ, உடம்பு என்னாவது என்று அவளைத் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். ஆனால் சொல்லவேண்டியது வேறு. ஏற்கெனவே பாசியைத் தின்றவருடைய கொழுப்பில், எது தட்டில் நாங்கள் போடும் நிறமியின் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது; அது எங்கள் ஆய்வுக்கு ஆகாது. அதைச் சொல்லாமல் காப்பி போடப் போய்விட்டேன்.

ரயில் சிங்கப்பெருமாள்கோவில் தாண்டும்வரை எனக்குள் ஒரே வழக்கு. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆறாவது ஆளும் கிடைத்துவிடும், அண்ணியின் முகமும் வாடாது. டேப்பில் பார்த்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வதை நான் கற்றது அவளிடம்தானே? பிறருக்கு அவள் செய்யும் தயவை அவளுக்கு நான் செய்கிறேன், அவ்வளவுதான். இப்படி என்னை நானே ஏறக்குறைய ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. அண்ணி பழியைத் துணிமேல் போடுவாளே தவிர, பிளவுஸை உண்மையான அளவுக்குத்தான் வெட்டுவாள். அதனால்தான் அது பொருந்துகிறது.

வசுமதி மேடத்திடம் சொன்னேன். அண்ணியின் சம்மதப் படிவத்தை எடுத்துத் தனியே வைத்தார். "சேத்துக்க முடியாது, கவியா. வேற ஆள் வர்ற வரைக்கும் காத்திருப்போம். அண்ணிகிட்ட நீயே சொல்லிடு."

செல்களைக் காட்டுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். கொழுப்புக்குச் சிவப்புச் சாயம் ஏற்றித் தயாராக வைத்திருந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"இதுவா நானு?"

"நீங்கதான்."

"மாதுளம் முத்து கொட்டி வெச்சாமாரி கீதுடி. இனிமே உங்கண்ணன் என்னை லாரின்னு சொல்லக்கூடாது. பழ வண்டின்னு சொல்லச் சொல்லு."

சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. சொன்னேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப இது வேஸ்டா?"

"புதுசா வர்ற பசங்க இதுல சாயம் ஏத்திக் கத்துக்குவாங்க, அண்ணி."

"உனக்கு ஒதவாது."

"எனக்கு ஒதவாது."

நிமிர்ந்தபோது அவள் கை தானாக முந்தானையை இழுத்து வயிற்றை மூடியது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சுண்டல்காரர் வந்தார், போனார். வழக்கமாக எனக்கென்று ஒரு பொட்டலம் வாங்குகிறவள், அன்று வாங்கவில்லை. கூடுவாஞ்சேரியில் கூட்டம் இறங்கியதும் பேசினாள்.

"நீ சொல்லாமலே வுட்டிருக்கலாம்."

"வுட்டிருக்கலாம்."

"ஏன் வுடல?"

"அளவ மாத்தி வெட்டினா பிளவுஸ் எங்கியாவது புடிக்கும்ல அண்ணி."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தாள், நெடுநேரம்.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல், மிஷின்மேல் கிடந்த டேப்பை எடுத்து என் கையில் திணித்தாள்.

"நீதான் மூஞ்சிக்கு நேரா சொல்றவளாச்சே. புடி."

"எதுக்கு?"

"அள. சத்தமா சொல்லணும்."

தாவீது டிவியிலிருந்து தலையைத் திருப்பி வாயைத் திறந்தான். "டிரைவரு, நீ வாய மூடு" என்றாள் அண்ணி. மூடிக்கொண்டான்.

முந்தானையை அவளே ஒதுக்கினாள். தழும்பு ஆறியிருந்தது. டேப்பைப் பின்பக்கம் கொண்டுபோக அவளைக் கட்டிப்பிடித்தால்தான் முடியும். என் கன்னம் அவள் தோளில் பட்டது. மிஷின் எண்ணெயும் மல்லிகையும் கலந்த வாசனை. அவள் வயிற்றை எக்கவில்லை. மூச்சைச் சாதாரணமாக விட்டுக்கொண்டிருந்தாள். எண்ணைப் பார்த்தேன். ஒரு கணம் என் நாக்குத் தயங்கியது. பிறகு சத்தமாகச் சொன்னேன்.

அண்ணி யோசித்தாள்.

"அவ்ளோதானா? நான் இன்னும் ஜாஸ்தின்னுல்ல நெனச்சுக்கினு இருந்தேன்!"

அலமாரியிலிருந்து, எப்போதோ எடுத்து வைத்த பச்சைப் பிளவுஸ் துணியைக் கொண்டுவந்து விரித்தாள். பக்கத்தில் பழைய பிளவுஸை வைக்கவில்லை. சாக்குக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னாடி மரமாட்டம் நிக்கிற? இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.